கிருஷ்ணகிரியில் வண்டியை நிறுத்தலாமா?

கேள்வி இதுதான்: "பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கிறோம். மாதம் ஒருமுறை காரில் சேலம் போய் வருகிறோம். கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதற்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கலாமா? பத்து வயதுப் பையனும் எழுபது தாண்டிய அம்மாவும் கூட வருவார்கள். எவ்வளவு நேரம் ஆகும்? வழியில் வேறு என்ன பார்க்கலாம்?"

இறங்கலாம். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் பத்தே நிமிடத்தில் "இவ்வளவுதானா" என்று வெளியே வந்துவிடுவீர்கள். அங்கே இருப்பது சின்ன ஊர்ச் சேகரிப்பு. ஆனால் அந்த ஊரும் அந்த வட்டாரமும் சாதாரணமானவை அல்ல. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு மணி நேரம் போதாது என்றுகூடத் தோன்றும்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அல்சூர்வாசி. வேலையில் இருந்தபோது எங்களுக்கு இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை. அந்த நாளாகப் பார்த்து மனைவி, மகள், பேத்தி எல்லோரையும் கிளப்பி, அத்திப்பள்ளி டோலில் அரை மணி நேரம் நின்று, கிருஷ்ணகிரிக்குப் போய் இறங்கினால் கதவு பூட்டியிருந்தது. தமிழ்நாட்டு மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் விடுமுறை. எனக்கு லீவு விட்ட அதே நாளில் அவர்களுக்கும் லீவு. வெளியே நின்ற இளநீர்க்காரர் மட்டும் சந்தோஷப்பட்டார். நீங்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேம்பாலத்தில் ஏறிவிட்டால் ஊரே கீழே போய்விடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே ஊருக்குள் திரும்ப வேண்டும்.

இந்த அருங்காட்சியகம் 1993-ல் தொடங்கியது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். அதாவது மாவட்டத்தைவிட அருங்காட்சியகத்துக்குப் பதினோரு வயது அதிகம். அப்போது இதெல்லாம் தருமபுரி மாவட்டம். அந்தத் தருமபுரியே 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து வந்ததுதான். சேலத்துக் கதையின் ஒரு பகுதியும் அங்கேதான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிக் கூட்டிப் போகலாம்.

உள்ளே கற்கருவிகள், நாட்டுப்புறக் கலைப் பொருட்கள், பழைய புழங்குபொருட்கள் என்று எந்த மாவட்ட அருங்காட்சியகத்திலும் பார்க்கக்கூடியவை இருக்கும். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கிருஷ்ணகிரியில் நேரம் செலவழிக்க வேண்டியது கற்களிடம், அதாவது சண்டையில் செத்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களிடம். பலர் அவற்றைத் தோட்ட அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோய் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளை நோக்கி ஓடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. எங்கள் பூர்வீகம் பென்னாகரம் பக்கம். குலதெய்வம் வேடியப்பன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பத்து வீட்டுக்கு ஒரு வேடியப்பனோ வேடியம்மாளோ இருப்பார்கள். சின்ன வயதில் ஆண்டுக்கு ஒருமுறை புளியமரத்தடியில் இருக்கும் ஒரு கல்லுக்கு எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, சேவல் அறுத்துப் பொங்கல் வைப்போம். கல்லில் ஏதோ உருவம் இருப்பது தெரியும். என்ன உருவம் என்று யாரும் கேட்டதில்லை, சாமி, அவ்வளவுதான். ஐம்பது வயதில் இந்த அருங்காட்சியகத்தில் ஒரு கல்லின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வில்லைப் பிடித்த கை, வாளை ஓங்கிய கை, பின்னால் முடிந்த கொண்டை, காலடியில் ஒரு சின்னக் கெண்டி, அதாவது மூக்கு வைத்த செம்பு. எங்கள் வேடியப்பனும் இதேபோல்தான் நின்றுகொண்டிருந்தார், எண்ணெய்ப் பிசுக்குக்கு உள்ளே. அவர் எந்தச் சண்டையில் செத்த எவர் மகனோ! ஆயிரம் வருடத்துக்கு மேல் பெயர் மறந்து, சோறு மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வட்டாரத்தில் வேடியப்பன் கோயில் என்று நீங்கள் பார்க்கும் பல இடங்களில் உள்ளே இருப்பது நடுகல்தான்.

அந்தக் கல்லை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலகையில் "நடுகல், 9-ம் நூற்றாண்டு" என்ற அளவுக்குத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

முதலில் எத்தனை அடுக்கு என்று பாருங்கள். ஒரே காட்சியாக, வீரன் மட்டும் பெரிதாக நின்றால் அது பெரும்பாலும் பழைய தமிழ்ப் பாணி. மூன்று அடுக்காக இருந்தால் கர்நாடகத்தில் வளர்ந்த பாணி. அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழே சண்டை. நடுவில் தேவமகளிர் இரண்டு பக்கமும் தோளைப் பிடித்து அவனை மேலே கூட்டிப்போகிறார்கள். உச்சியில் அவன் சிவலிங்கத்தின் முன்னாலோ அரியாசனத்திலோ உட்கார்ந்திருக்கிறான். படக்கதைப் புத்தகம் மேலிருந்து கீழே வரும், இது கீழிருந்து மேலே போகும் என்று பையனிடம் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வான். கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி என்பதால் இரண்டு பாணியும் அங்கே கலந்து கிடைக்கும். எழுத்தும் அப்படித்தான், இந்த மாவட்டத்தில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கல்வெட்டுகள் உண்டு.

அடுத்து, எதனால் செத்தான் என்று தேடுங்கள். காலடியில் மாடுகள் இருந்தால் ஆநிரைச் சண்டை. எதிரே புலி பாய்ந்தால் புலிகுத்திக் கல். பன்றி இருந்தால் அது காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தவன் கல். தன் தலையைத் தானே அரிந்துகொள்பவன் உருவம் இருந்தால் அது நவகண்டம். அது வேறு வகை, பையனுக்கு விளக்குவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்று, வளை அணிந்த கையை உயர்த்தியிருந்தால் அவள் உடன்கட்டை ஏறியவள். கர்நாடகத்தில் இதை மாஸ்திக்கல் என்பார்கள். மேலே சூரியனும் பிறையும் இருந்தால், அவை இருக்கும்வரை இந்தப் பெயரும் இருக்கும் என்று பொருள்.

எழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். பழைய கற்களில் வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து இருக்கும். நமக்கு ஒன்றும் புரியாது, பெரும்பாலும் புள்ளியும் இருக்காது. ஆனால் வாசகத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன தலைவனின் சேவகன், இன்னார், தொறு மீட்டுப் பட்டான் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். இன்றைக்கும் மரத்தைப் "பட்டுப்போச்சு" என்கிறோமே, அதே பட்டான்தான். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் மாட்டு மந்தைக்கு வரும் சொல் "துறு". தொறுவும் துறுவும் ஒன்றுதான். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாடு பிடித்தவர்களும் மீட்டவர்களும் ஒரே சொல்லைச் சொல்லித்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் பேத்தி பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். அவளுக்கு இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இங்கே மட்டும் ஏன் இத்தனை கற்கள்? மழை குறைந்த மேட்டு நிலம் இது. நெல்லைவிட மாடுதான் சொத்து. அதோடு பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர், பிறகு இராட்டிரகூடர், சோழர், ஹொய்சாளர் என்று எல்லாப் பெரிய கைகளும் இடித்துக்கொண்ட விளிம்பு. ஒருவன் அடுத்தவன் நாட்டின் மீது போர் தொடங்குவதற்கு முதல் அடி, அவன் மாட்டை ஓட்டிப்போவது. தொல்காப்பியம் வெட்சி (மாட்டைக் கவர்வது), கரந்தை (மீட்பது) என்று சொல்வது இந்தக் காரியத்தைத்தான். நடுகல் எடுப்பதற்கே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளைச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கிப் படையல் போட்டுப் பாடுவதுவரை. எங்கள் வீட்டுப் பொங்கலும் சேவலும் ஐந்தாவது படி என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அவன் இறந்தபின் ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றினால், நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறாள். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு இது வெறும் செய்யுள். சின்னக் கெண்டி செதுக்கிய கல்லைப் பார்த்தபின் அப்படி வாசிக்க முடியவில்லை.

பையனுக்காக இரண்டு நாய்க் கதை. முதலாவது திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் இருக்கும் நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டு, அதாவது 7-ம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த ஒருவனுக்கான கல். அவனுக்குப் பக்கத்தில் நாய் ஒன்றையும் செதுக்கி, "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயரும் உண்டு, செய்த வேலைக்குப் பதிவும் உண்டு. நான் முப்பது வருடம் வேலை பார்த்த இடத்தில் எனக்கு அவ்வளவு தெளிவான சான்றிதழ் கிடைக்கவில்லை.

இரண்டாவது நாய் உங்கள் பெங்களூரிலேயே, கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல், கி.பி. 949-ஐ ஒட்டியது. காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. அந்த நாய்க்காக நட்ட கல்லில் நாயும் பன்றியும் மல்லுக்கு நிற்கும். ஆனால் அதே கல்லில்தான் தக்கோலப் போரும் வருகிறது. இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனுக்காகக் கங்க மன்னன் பூதுகன் சண்டையிட்டுச் சோழ இளவரசன் இராஜாதித்தனைக் கொன்ற போர். நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் "ஆனைமேல் துஞ்சிய தேவர்" என்று வருபவன் அவன்தான். சோழ வரலாற்றின் பெரிய இழப்பு ஒன்று, ஒரு நாயின் நினைவுக்கல்லில் பக்கச் செய்தியாக வந்திருக்கிறது. அந்த அருங்காட்சியகம் 1865-ல் தொடங்கியது. தொடங்கியவர் எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர். சென்னை அருங்காட்சியகத்துக்கும் அவர்தான் முதல் பொறுப்பாளர். கிருஷ்ணகிரி போகும் முந்தின வாரம் ஒருமுறை அங்கே போய்வந்தால் பையனின் கண் பழகிவிடும். அங்கே திங்கள் விடுமுறை. பராமரிப்பு வேலை ஏதும் நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

உண்மையில் நீங்கள் பயணத்தையே அருங்காட்சியகமாக்கிக்கொள்ள முடியும். எச்.எஸ்.ஆரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மடிவாளா சோமேஸ்வரர் கோயில் இருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் அதன் பக்கத்தில் நீங்கள் எத்தனை மணி நேரம் நின்றிருப்பீர்களோ! அதன் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1247-ம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வேப்பூர்க்காரர் ஒருவர் வெங்கலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வெங்கலூர் என்பது பெங்களூர். இன்னொன்றில் தாமரைக்கிரை என்ற பெயர் வருகிறது. பக்கத்தில் இருக்கும் தாவரெகெரெதான் அது. நாம் ஐ.டி. வேலைக்கு வந்து புதிதாகக் குடியேறிய இடம் என்று நினைக்கும் பி.டி.எம். பக்கத்துத் தெருக்கள் 13-ம் நூற்றாண்டில் தமிழில் நிலப்பத்திரம் எழுதப்பட்ட இடங்கள். இதை வைத்து "இது எங்கள் ஊர்" என்று யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த கல்லைப் பார்த்தால் அந்த ஆசை தானாகவே அடங்கிவிடும்.

அந்த அடுத்த கல் பேகூரில், நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில் இருக்கிறது. பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டிலிருந்து திரும்பினால் சில கிலோமீட்டர். கி.பி. 890-ஐ ஒட்டிய கன்னட நடுகல். நாகத்தரன் என்ற தலைவனைச் சேர்ந்த ஒருவன் "பெங்களூர்ப் போரில்" இறந்ததைச் சொல்கிறது. பெங்களூர் என்ற பெயருக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்று இதுதான். வழி தவறிய ஹொய்சாள ராஜாவுக்குக் கிழவி வெந்த பயறு கொடுத்தாள், அதனால் "பெந்தகாளூரு" ஆயிற்று என்ற கதை கேட்டிருப்பீர்கள். கதையில் வரும் ராஜா 12-ம் நூற்றாண்டுக்காரர். அவருக்கு முந்நூறு வருடம் முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. கதை பொய்யானாலும் பயறு ருசியாக இருந்திருக்கும் என்பது என் மனைவியின் தீர்ப்பு. பேகூரிலிருந்து எடுத்த இன்னொரு பெரிய போர்க்களக் கல், யானைகளும் குதிரைகளும் நெரியும் கல், கஸ்தூர்பா சாலைக்குப் போய்விட்டது. அதையும் தேடிப் பாருங்கள்.

ஓசூர் தாண்டியபின் சாலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் போகும் சாலைக்கு நாங்கள் வண்டி ஓட்டிய காலத்தில் என்.எச். 7 என்று பெயர். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை. 2010-ல் எண்களை மாற்றியபோது அது ஸ்ரீநகரிலிருந்து வரும் 44-க்குள் போய்விட்டது. பழைய லாரிக்காரர்கள் இன்னும் ஏழு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் பெயர் எழுதி வைத்த சாலை அதற்கெல்லாம் முன்பே இருந்தது. தருமபுரிப் பகுதியில் 13-ம் நூற்றாண்டு வாக்கிலான காதக் கற்கள், அதாவது தூரம் குறித்த கற்கள், கிடைத்திருக்கின்றன. "அதியமான் பெருவழி, நாவற்றாவளத்துக்குக் காதம் 29" என்று ஒன்றில். இன்னொன்றில் 27. அதை நாவல், தாவளம் என்று பிரித்துப் படியுங்கள். தாவளம் என்றால் வணிகர்கள் தங்கிச் சரக்கு மாற்றும் இடம். காதம் என்பதை எத்தனை கிலோமீட்டராகக் கணக்கிடுவது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை.

எனக்குப் பிடித்தது எண்ணை எழுதியிருக்கும் விதம். எழுத்தில் 29 என்று வெட்டியதோடு விடவில்லை. கீழே இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சின்னக் குழிகள். பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம், இருட்டில்கூட. நெடுஞ்சாலைப் பலகைகளை நாலு மொழியில் வைப்பதற்கே நாம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்! இந்தக் கல்லைப் பற்றிப் பையனிடம் சொல்லிவிட்டு, காரில் போகும்போது மைல்கல் வந்தால் அதே முறையில் குழி போட்டு எழுதச் சொல்லுங்கள். சேலம் வரும்வரை சத்தம் இருக்காது. என் பேத்தியிடம் சோதித்துப் பார்த்த வைத்தியம் இது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1878-ல் பிறந்து, ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போனவர். அதாவது உங்கள் வழித்தடத்திலேயே வளர்ந்தவர். வீடு சின்னது, அரை மணி நேரம் போதும். சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் மலைச்சரிவில் பெருங்கற்காலக் கல்திட்டைகள், அதாவது இறந்தவர்களுக்கு எடுத்த ஈமச் சின்னங்கள், ஏராளம். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடி, ஒரு பக்கம் வட்டமான இடுதுளை விட்டிருப்பார்கள். பார்க்க அருமையான இடம், ஆனால் நடக்க வேண்டும், நிழல் கிடையாது. அம்மாவோடு போகும் பயணத்தில் வேண்டாம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் அப்படித்தான். 1791 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையே ஏறிப் பிடிக்க முடியாமல் திரும்பிய கோட்டை அது. அடுத்த ஆண்டு திப்புவோடு உடன்படிக்கை ஆனபின் பாராமகால் என்ற இந்த வட்டாரம் முழுவதும் கம்பெனியிடம் போனது. தாமஸ் மன்றோ, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை முதலில் பழகிப் பார்த்ததும் இந்தப் பாராமகாலில்தான். கோட்டையைக் கீழேயிருந்து காட்டினால் போதும்.

ஒன்றை மட்டும் வேகமாகக் கடக்க மனம் வரவில்லை. இந்த மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டு இரும்பின் வயதை ஒரே அடியில் பல நூறு வருடம் பின்னுக்குத் தள்ளிய முடிவு அது. 2025-ல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் முந்திவிட்டது என்றாலும், பேச்சைத் தொடங்கி வைத்தது கிருஷ்ணகிரி. அருங்காட்சியகத்தில் கற்கருவிகளையும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் அவை வேறு மாதிரி தெரியும்.

நடுகல் மேல் ஆசை வந்துவிட்டால், சேலம் போகும் வழியில் தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் (அந்தத் துறையின் சின்ன அருங்காட்சியகம்) இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் செய்யாதீர்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. நடுகல் கண்ணுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். எட்டாவது கல்லில் எல்லா வீரனும் ஒரே மாதிரிதான் தெரிவான். ஒரே ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதன் முன் இருபது நிமிடம் நில்லுங்கள், மற்றதைச் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

நேரம் பற்றி: உச்சி வெயிலில் வெளியே இருக்கும் கற்களில் ஒன்றும் தெரியாது, வெளிச்சம் நேராக விழுந்து செதுக்கல் எல்லாம் தட்டையாகிவிடும். காலை திறந்தவுடனோ, மாலை நாலு மணிக்கு மேலோ சாய்ந்த வெயிலில் கோடுகள் எழுந்து நிற்கும். உள்ளே இருக்கும் கல்லுக்கு, அனுமதி கேட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நான் ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் ஒரு வயல்வெளிக் கல்லின் எழுத்துக்குள் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் படித்தேன். கூட வந்த விவரம் தெரிந்த நண்பர் என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. சுண்ணம், மைதா மாவு, எதுவும் வேண்டாம். கல் தேயும்.

பலகை சொல்லாததை ஊழியர்கள் சொல்வார்கள். டிக்கெட் கிழித்த கையோடு "இது எந்த ஊரிலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். சின்ன ஊர் அருங்காட்சியகத்தின் பெரிய வசதி இதுதான். கூட்டம் இல்லை, கேட்பாரும் இல்லை; கேட்டால் மகிழ்ந்துபோய் எந்த ஏரிக்கரையில் கிடந்தது, யார் தகவல் சொன்னது, கொண்டுவரும்போது ஊரில் யார் மறித்தது என்று கதையோடு சொல்வார்கள். அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியர் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் சொந்த ஊர்ப் பக்கம் மரத்தடியில் இப்படி ஒரு கல் கிடப்பது தெரிந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். சாலையை அகலப்படுத்தும்போது புரட்டித் தள்ளப்படும் முதல் பொருள் மரத்தடிக் கல்தான்.

அம்மாவை வெளியே வெயிலில் நிறுத்தாமல் நேராகப் புழங்குபொருட்கள் இருக்கும் பக்கம் கூட்டிப் போங்கள். எங்கள் அத்தை வந்திருந்தபோது எங்களுக்குப் பெயர் தெரியாத சாமான்களைப் பார்த்து, இது மரக்கால், இது வள்ளம், இதில் இன்னது அளப்போம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு மரச்சாமானுக்குப் பலகையில் போட்டிருந்த பெயர் தப்பு என்று ஊழியரிடமே வாதாடினார். அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். கல்லைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்ற நான்தான் அதைத் தவறவிட்டேன்.